பாக்கெட் தீனியைக் குறைக்க நான்கு வழிகள்: உங்கள் வீட்டுக்கு எது சரிவரும்?

பிள்ளைகள் சாப்பிடும் பாக்கெட் தீனியைப் பற்றி எனக்கு எழுதுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். குறைக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. எப்படி என்பதில்தான் குழப்பம். ஒரேயடியாக நிறுத்துவதா, ஒன்றொன்றாக விடுவதா, சிறுதானியம் என்று எழுதிய பாக்கெட்டுக்கு மாறுவதா, இல்லை தெருவில் புதிதாகச் செய்து விற்பதை வாங்கிக்கொள்வதா? கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, "எல்லாத்தையும் பாதிப் பாதி செஞ்சு பாத்துட்டேன், ஒண்ணும் நிலைக்கல" என்று எழுதியிருந்தார். அவருக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

நான் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், வீட்டுக்கு வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். வீட்டில் அத்தை, மாமா, கணவர், இரண்டு பிள்ளைகள். கணவருக்கு மணலியில் ஷிப்ட் வேலை. இந்த நான்கு வழிகளையும் ஏதோ ஒரு மாதத்தில் நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம்.

## எதைக் குறைக்கிறோம்?

பதப்படுத்தியதெல்லாம் கெடுதல் என்று சொன்னால் கருவாடு, தயிர், வடகம், இட்லி மாவு எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதுதான். பால்கூட பாக்கெட்டில்தான் வருகிறது. பிரச்சினை அது இல்லை. பிரேசிலில் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மான்டெய்ரோவும் அவர் குழுவினரும் 2009 முதல் வளர்த்தெடுத்த 'நோவா' என்ற வகைப்பாடு உணவை நான்காகப் பிரிக்கிறது: இயற்கையாகவோ லேசாகப் பக்குவப்படுத்தியோ கிடைப்பது, எண்ணெய் உப்பு சர்க்கரை போன்ற சமையல் பொருள்கள், இரண்டும் சேர்த்துப் பதப்படுத்தியது, கடைசியாக ஆலையிலேயே உருவாகிற மிகைப் பதப்படுத்தல். நாம் குறைக்க நினைப்பது நான்காவதைத்தான். கருவாடு மூன்றாவது வகை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிலுள்ள உப்புக்காக அளவாகச் சாப்பிட வேண்டும், அது வேறு விஷயம்.

கடையில் நிற்கும்போது வகைப்பாடு ஞாபகம் வராது. உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். உங்கள் அஞ்சறைப்பெட்டியிலும் மளிகை டப்பாக்களிலும் இல்லாத பெயர்கள், அதாவது மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வெர்ட் சிரப், சுவையூட்டி 627, 631 என்று வரிசையாக இருந்தால் அது நான்காவது வகை.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து ஓர் ஆய்வு செய்து 2019-ல் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு. இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் ஒரே அளவில் வைத்துப் பரிமாறினார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலை உணவு கொடுத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. பிள்ளை ஒரு பாக்கெட்டோடு நிற்பதில்லை என்று நாம் திட்டுகிறோம். அதை நிறுத்துவது வளர்ந்தவர்களுக்கே கடினம் என்று இது காட்டுகிறது. அதைப் படித்ததிலிருந்து நான் பிள்ளைகளைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. மருத்துவர் எழுதிக்கொடுத்த குழந்தைப் பால்பொடி, நோயாளிக்கான சத்துப்பொடி இவை இந்தக் கணக்கில் சேராது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைத் திடீரென மாற்றினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

## எந்த அளவுகோலால் எடைபோடுவது?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாதம் முழுக்க, வீட்டில் பிரித்த ஒவ்வொரு பாக்கெட்டின் உறையையும் ஒரு கட்டைப்பையில் போட்டு வைத்தேன். பிரித்த நேரத்தை மார்க்கரால் அதன்மேல் எழுதவும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. மாதக் கடைசியில் கொட்டிப் பார்த்தால், எண்ணிக்கையைவிட நேரம்தான் கண்ணில் பட்டது. பாதிக்கு மேல் சாயங்காலம் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவே பிரித்தவை. மீதியில் பெரும்பகுதி காலை ஏழு மணி அவசரம். அப்புறம் கணவர் நைட் ஷிப்ட் முடித்து வரும்போது டீயோடு சாப்பிடும் மிக்சர்.

அதனால் என்னுடைய முதல் அளவுகோல் இதுதான்: அந்த நாலரை மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், அவரால் எவ்வளவு நேரம் அடுப்படியில் நிற்க முடியும்? எங்கள் வீட்டில் அத்தைதான். அவருக்கு மூட்டுவலி. இதைக் கேட்காமல் போடுகிற எந்தத் திட்டமும் கடைசியில் அவர் தலையில்தான் விழும்.

மற்றவை: மாதச் செலவு கூடுமா குறையுமா, சமையலறையும் ஃபிரிட்ஜும் தாங்குமா (வாரியக் குடியிருப்புச் சமையலறையில் இரண்டு பேர் நிற்க முடியாது), சர்க்கரையும் உப்பும் நிஜமாகவே குறைகிறதா, மூன்று மாதம் கழித்தும் நடக்குமா.

செலவுக்கு ஒரு கணக்கு. இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு நாளுக்கு இரண்டு 10 ரூபாய் பாக்கெட் என்றால் மாதம் 1,200 ரூபாய். 10 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டின் எடை 25 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும் கிலோ 400 ரூபாய். வேர்க்கடலை அதில் ஏறக்குறைய பாதி விலைதான். பத்து ரூபாய்தானே என்று கொடுக்கிறோம், ஆனால் மீனுக்கும் பழத்துக்கும் போக வேண்டிய பணம் இது.

## வழி 1: ஒரேயடியாக நிறுத்துவது

நாங்கள் முதலில் செய்தது இதுதான். பள்ளி திறந்த ஜூன் மாதத்தில், இருந்ததையெல்லாம் காலி செய்துவிட்டு, இனி பாக்கெட்டே கிடையாது என்று அறிவித்தேன். பதினோரு நாள் நடந்தது.

முதல் வாரம் நன்றாகவே இருந்தது. ஞாயிறு இரவு முறுக்கும் அதிரசமும் சுட்டு வைத்தேன். புதன்கிழமைக்குள் தீர்ந்துவிட்டது. வியாழன் இரவு ஒன்பது மணிக்கு மறுபடி எண்ணெய்ச்சட்டி ஏற்றினேன். சிலிண்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. இரண்டாவது வாரம், மாமா பேரனுக்கு ரகசியமாகக் காசு கொடுப்பதும், அவன் தெருமுனைப் பொட்டிக்கடையிலேயே நின்று தின்றுவிட்டு வருவதும் தெரிந்தது. மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேரன் கேட்டு இல்லை என்று சொல்ல எந்தத் தாத்தாவால் முடியும்? ஆனால் அந்தத் திருட்டுத்தனம் எனக்கு பாக்கெட்டைவிட அதிகமாக வலித்தது.

மறைமுகச் செலவுகள் இவை: வீட்டுப் பெண்ணின் தூக்கம், கேஸ், பிள்ளை மறைக்கப் பழகுவது. இன்னொன்றும் உண்டு. வீட்டிலேயே வாரம் இருமுறை பொரித்தால் எண்ணெயும் சர்க்கரையும் குறைவதில்லை, செய்த கை மட்டும்தான் மாறுகிறது.

இந்த வழி சரிவரும் வீடுகள் இருக்கின்றன. பெரியவர்கள் மட்டும் உள்ள வீடு, அல்லது ரத்த அழுத்தம் என்று மருத்துவர் சொல்லி, உப்பை உடனே குறைத்தாக வேண்டியவர்கள். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சின்ன உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டிலேயே சுமார் 2 கிராம் போய்விடும். உறையில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். அப்படிப்பட்டவருக்குப் படிப்படியாக என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பால்குடி மாறி இப்போதுதான் சாப்பிடத் தொடங்கும் குழந்தை உள்ள வீட்டுக்கும் இதுவே நல்லது. அந்தக் குழந்தைக்கு இன்னும் எதையும் பழக்கவில்லை, அதனால் நிறுத்தவும் ஒன்றுமில்லை.

## வழி 2: வேளை பார்த்து ஒன்றொன்றாக மாற்றுவது

பொருளை வைத்துக் குறைப்பதைவிட நேரத்தை வைத்துக் குறைப்பது எளிது என்பது என் அனுபவம். "இந்த மாதம் பிஸ்கட் கிடையாது" என்றால் பிஸ்கட் போய் கேக் வரும். "நாலரை மணிக்குப் பாக்கெட் பிரிப்பதில்லை" என்றால், அந்த நேரத்துக்கு வேறு ஒன்று தயாராக இருந்தால் போதும்.

எங்கள் நாலரை மணி இப்போது இப்படி இருக்கிறது. திங்கள், புதன் அவித்த வேர்க்கடலை அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல். காலையிலேயே நான் குக்கரில் வேகவைத்துவிட்டுப் போகிறேன், அத்தை தாளிக்க மட்டும் வேண்டும். செவ்வாய், வியாழன் பழமும் பொட்டுக்கடலையும், அடுப்பே இல்லை. வெள்ளிக்கிழமை அடை, ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பில். அன்று கணவர் வீட்டில் இருந்தால் அவர்தான் ஊற்றுவார். முதல் இரண்டு வாரம் மகள் கடலையைத் தொடவில்லை. தேங்காயும் மாங்காயும் நறுக்கிப் போட்டு, பீச்சில் கொடுப்பது போலக் காகிதக் கூம்பில் கொடுத்த பிறகு சாப்பிட்டாள்.

நூடுல்ஸுக்கு எங்கள் பக்கம் ஒரு வசதி உண்டு, அதுதான் அத்தோ. பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த குடும்பங்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்தது. சாதா நூடுல்ஸை வேகவைத்து, முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், வேர்க்கடலைப் பொடி போட்டுக் கையால் பிசைகிறேன். மைதா மைதாதான், அதை மறைக்கவில்லை. ஆனால் மசாலாப் பொட்டலத்தின் உப்பும் சுவையூட்டியும் போய்விட்டன, காய் உள்ளே வந்துவிட்டது. வாரம் மூன்று முறை இருந்த நூடுல்ஸ் மாதம் இரண்டு முறையானது. பிள்ளைகள் யாரும் எதையும் இழந்ததாக நினைக்கவில்லை.

இதற்கும் செலவு உண்டு. மெதுவாகத்தான் நடக்கும், எங்களுக்கு மூன்று வேளைகளில் இரண்டை மாற்றவே எட்டு மாதம் ஆனது. நடுவில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பழையபடி ஆகிவிடும். வாரக் கடைசியில் அடுத்த வாரத்தை யோசித்து வைக்க ஒருவர் வேண்டும், அந்த யோசனையும் ஒரு வேலைதான். அதைப் பங்கு போட்டுக்கொள்ளாத வீட்டில் இது மூன்று மாதம் தாங்காது.

ஏப்ரல், மே மாதங்களை மட்டும் தனியாகத் திட்டமிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டில் வரத்து குறைந்து விலை ஏறும் அதே நாள்களில்தான் பிள்ளைகளுக்கும் விடுமுறை. மீன் குழம்பு குறைகிறது, பகல் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், பாக்கெட் எண்ணிக்கை ஏறுகிறது. எங்கள் கட்டைப்பைக் கணக்கைக் கோடையில் மறுபடி எடுத்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. அந்த இரண்டு மாதத்துக்கு முட்டையும் பயறும் கூடுதலாக வாங்கி வைக்கிறேன். மற்ற மாதங்களில் நெத்திலி, கவலை போன்ற சின்ன மீன்கள், உறைய வைத்த நக்கெட்ஸ் பாக்கெட்டைவிட மலிவாகவே கிடைக்கின்றன.

## வழி 3: 'நல்ல' பாக்கெட்டுக்கு மாறுவது

ராகி பிஸ்கட், தினை நூடுல்ஸ், எண்ணெயில் பொரிக்காத சிப்ஸ், நாட்டுச்சர்க்கரை போட்ட குக்கீஸ். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பெரும்பாலானவை காசுக்குப் பிடித்த கேடு.

மூலப்பொருள் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் ராகிக் கதிர் படம் இருக்கும். பின்பக்கம் முதல் பொருள் ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர், அதாவது மைதா. அடுத்து சர்க்கரை, அடுத்து பாமாயில், அதற்கப்புறம் ராகி, பக்கத்தில் ஒரு சின்ன சதவீதம். விலை மட்டும் இரண்டு மடங்கு. நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், உடம்பு அதைப் பெரிதாக வித்தியாசப்படுத்துவதில்லை.

சத்துபானப் பொடிகளும் இந்த வரிசைதான். பிரபலமான சாக்லேட் மால்ட் பொடிகள் பலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய விற்பனைத் தளங்கள் இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் வைக்கக் கூடாது என்று சொன்னது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. நாங்கள் அதை நிறுத்திவிட்டு வெறும் பாலுக்கு மாறியபோது இரண்டு நாள் அழுகை, மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீடு என்றால் அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கும், கேளுங்கள்.

பெரிய மறைமுகச் செலவு மனநிம்மதிதான். நல்லதுதானே என்று ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிடுகிறோம். பாக்கெட் பிரிக்கும் பழக்கமும் அப்படியே இருக்கிறது.

பயணத்துக்கு, அல்லது உறையைப் படித்துத் தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு பொருளுக்கு இது சரி. வறுத்த கடலை, உப்பு என்று இரண்டே பொருள் போட்ட பாக்கெட்டும் கடையில் உண்டு. அதைத் தாராளமாக வாங்கலாம்.

## வழி 4: அக்கம்பக்கத்தில் புதிதாகச் செய்ததை வாங்குவது

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு என்றே சொல்வேன். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இட்லி மாவு அரைத்து விற்கும் வீடு, காலையில் இட்லி சுடும் ஆயா, வெயில் காலத்தில் கேழ்வரகுக் கூழ் வண்டி, சாயங்காலம் மணலில் கடலை வறுக்கும் வண்டி எல்லாம் இருக்கின்றன. கூழுக்கு மோர்மிளகாயும் மாங்காயும் தொட்டுக்கொண்டு ஒரு செம்பு குடித்துவிட்டால் பிள்ளை இரவு வரை தீனி கேட்காது. 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். எனக்கு உடம்பு சரியில்லாத காலையில் பிரெட், ஜாம் என்று போவதைவிட மாமாவோடு பிள்ளைகளை அங்கே அனுப்பிவிடுகிறேன். மாநகராட்சிப் பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவே பள்ளியில் கிடைக்கிறது. அப்படியென்றால் அந்த ஏழு மணி அவசரம் உங்களுக்குப் பாதி தீர்ந்துவிட்டது.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. பஜ்ஜி, சில்லி சிக்கன் பக்கம் போனால் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும் சாயமும் சேரும், அது பாக்கெட்டுக்கு மாற்று இல்லை. அவித்தது, வறுத்தது, அரைத்தது என்ற மூன்றை மட்டும் வாங்குவது என்று நாங்கள் வைத்திருக்கிறோம். செய்தித்தாளில் மடித்துத் தருவதை வாங்காதீர்கள். மையில் உள்ள ரசாயனம் உணவில் இறங்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் 2016-லும் 2023-லும் எச்சரித்திருக்கிறது. டப்பா கொண்டுபோனால் கடலை வண்டிக்காரர் முகம் சுளிப்பதில்லை. மழைக்காலத்தில், தண்ணீர் தேங்கும் நாள்களில் சட்னி, மோர் போன்ற பச்சையான பதார்த்தங்களை வெளியே தவிர்க்கிறோம்.

செலவு வழி 2-ஐவிடச் சற்று அதிகம், ஆனால் நேரம் மிச்சம். இருவரும் வேலைக்குப் போகும் வீடு, ஒற்றைப் பெற்றோர், மூட்டுவலிக்காரர் மட்டும் வீட்டில் இருக்கும் சாயங்காலம், இவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு.

## ஒரே பார்வையில்

| | ஒரேயடியாக நிறுத்தம் | வேளை பார்த்து மாற்றம் | 'நல்ல' பாக்கெட் | பக்கத்துக் கடை |
|---|---|---|---|---|
| மாதச் செலவு | குறையும், கேஸ் கூடும் | குறையும் | கூடும் | ஏறக்குறைய அதே |
| அடுப்படி நேரம் | மிக அதிகம் | காலையில் கொஞ்சம் | இல்லை | இல்லை |
| சர்க்கரை, உப்பு குறைவது | வேகமாக, பொரிக்காவிட்டால் | மெதுவாக, நிலையாக | மிகக் குறைவு | நன்றாக, எண்ணெய்ப் பண்டம் தவிர்த்தால் |
| மூன்று மாதம் நிற்குமா | பிள்ளைகள் உள்ள வீட்டில் அரிது | நிற்கும், வேலையைப் பகிர்ந்தால் | நிற்கும், பயன் இல்லை | நிற்கும் |
| யாருக்கு | ரத்த அழுத்தக்காரர், சின்னக் குழந்தை | பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு | பயணம் | நேரம் இல்லாத வீடு |

## கொருக்குப்பேட்டை அம்மாவுக்கு

உங்கள் கடிதத்தில் காலை ஆறரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வழி 1 வேண்டவே வேண்டாம், அது உங்களைத்தான் முதலில் சாய்க்கும். நாலரை மணியை வழி 4-க்குக் கொடுத்துவிடுங்கள். கடலை வண்டிக்காரரிடம் வாரக் கணக்கு வைத்து, பெரிய பிள்ளை டப்பாவோடு போய் வாங்கி வரட்டும். மாவும் விலைக்கே வாங்குங்கள், அரைக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம். சோடா போடாத மாவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வழி 2-ஐ ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வையுங்கள், உங்கள் வீட்டுக்காரர் கூட நின்றால்.

பொட்டிக்கடைக்கு வாரம் ஒரு நாள் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை. ஆளுக்கு 10 ரூபாய், எது வேண்டுமோ வாங்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். தாத்தாதான் கூட்டிப்போவார், கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்தே. ரகசியக் காசு அந்த மாதமே நின்றுபோனது.

கணவரின் நைட் ஷிப்ட் மிக்சர் இன்னும் மாறவில்லை. காலை ஆறரைக்கு மணலியிலிருந்து களைத்து வருகிற மனிதரிடம் சுண்டலை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. இந்த மாதம் அவல் வறுத்து, பொட்டுக்கடலை, கறிவேப்பிலை சேர்த்து அதே டப்பாவில் பாதிக்குப் பாதி கலந்து வைத்திருக்கிறேன், அவரிடம் சொல்லிவிட்டுத்தான். நேற்று டப்பா காலியாக இருந்தது.